கத்தரி நாற்றுக்கு ஊற்றிய தண்ணீர்

முட்டை அட்டையைத் தூக்கிப் போடக் கூடாது என்பது என் கருத்து. விதை முளைக்க வைக்க அதைவிடத் தோதான பாத்திரம் இல்லை. குழிக்கு ஒரு விதை, மேலே மெல்லிசாக மண், தெளிப்பானால் இரண்டு தரம் தண்ணீர், மூடி வைக்க ஒரு பாலித்தீன் தாள். என் மனைவி பேக்கரியில் கேக் அலங்கரிக்கிறாள். அங்கே முட்டை அட்டைக்குப் பஞ்சமே கிடையாது. நடந்த எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் அவள் கையால்தான் வந்தது என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆட்களை இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுக்கு முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது என் தொழில். அதில் குரலை உயர்த்தவே கூடாது. உயர்த்தினால் அவர்கள் பயந்துபோய், தெரியாத எழுத்தையும் தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே என்னிடம் நீங்கள் பதற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல் உள்ள அறை ஒன்று இருக்கிறது. காலை வெயில் நேராக உள்ளே விழும். மகள் இருந்த அறை. அவள் வேலைக்காக வேறு ஊருக்குப் போனாள், அங்கேயே ஒரு நல்ல பையனைக் கட்டிக்கொண்டாள், அங்கேயே குடித்தனமாகிவிட்டாள். சந்தோஷமான விஷயம். அதைப் பற்றி இங்கே பேச ஒன்றும் இல்லை.

பேச வேண்டியது என் மச்சானைப் பற்றி. மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "மேலயும் கீழயும் போயிட்டு வர்றதுக்கே நேரம் சரியா இருக்கு" என்பார். ஆள் வாட்டசாட்டம். கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி இருக்கும். மனசு மட்டும் பஞ்சு. அவர் குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கும்வரை, கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில், எஃகு வடச் சுருள்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "ஏங்க, அந்த ரூம் சும்மாதானே கெடக்கு? தம்பிய வரச் சொல்லட்டா?"

சும்மா கிடக்கு. அந்தச் சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மச்சான் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவர் குறட்டை விடுவார். சாதாரணக் குறட்டை அல்ல. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டுகிற மாதிரி ஒன்று. அடுத்த நாள் வேலைக்குப் போகிற மனிதன் நான். தூக்கம் வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை.

"வரட்டுமே," என்றேன்.

மறுநாள் அந்த அறை சும்மா கிடக்கவில்லை. ஜன்னல் ஓரமெல்லாம் முட்டை அட்டைகளை வரிசையாக வைத்துத் தக்காளி விதை போட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் விதை போட்டு வளர்ப்பது மிகவும் மரியாதையான பொழுதுபோக்கு. யாரும் கேள்வி கேட்க முடியாது. "முளைச்சு, கொஞ்சம் தலை தூக்கினதும் மொட்டை மாடிக்கு மாத்திடறேன். அப்புறம் ரூம் காலி," என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் வீட்டுத் தக்காளி மேல் ஆசை. சரி என்றாள். ஜன்னல் வெயில் போதாது என்று நீள விளக்குகள் வாங்கினேன். கடையில் பலகை மாட்ட வைத்திருந்த ஏணியைக் கொண்டுவந்து, கூரையிலிருந்து அவற்றைத் தொங்கவிட்டேன். விளக்குகள் சற்றுக் கோணலாகத் தொங்கின என்பது உண்மை. அந்தக் கூரையில் இருட்டில் மினுங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் ஒட்டியிருக்கின்றன. ஆணி அடிக்க வசதியான இடத்தையெல்லாம் அவை பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் கோணல். செடிக்குக் கோணல் நேர் எல்லாம் தெரியாது.

தக்காளி நன்றாக முளைத்தது. முதலில் வரும் இரண்டு இலைகள் நிஜ இலைகள் அல்ல, விதைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தவை. அதற்குப் பிறகு வருகிறதே, ஓரம் வெட்டிய மாதிரி, அதுதான் தக்காளியின் சொந்த இலை. அது வந்த அன்று காலையில் கடையைத் தாமதமாகத்தான் திறந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டில் எங்கே போடலாம் என்று அளந்தார். அளந்து முடித்ததும் நாற்றுகளைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"அத்தான், இதெல்லாம் நீங்களா வளத்தீங்க? பச்சப் புள்ளைங்க மாதிரில்ல இருக்கு!"

"லேசாத் தடவிக் குடுங்க. உள்ளங்கையால. காத்து படாம வளர்ற செடி தொளதொளன்னு போயிடும். தடவிக் குடுத்தா தண்டு கெட்டிப்படும்," என்றேன். இது உண்மையான யோசனை. நான் அதுவரை தவறான யோசனை எதையும் யாருக்கும் சொன்னதில்லை.

அந்த முறக் கையை அவர் நாற்றுகளின் மேல் ஓட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தூங்குகிற பூனையைத் தடவுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் தண்ணீரும் தெளித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் நாற்றுகள் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாய் இளைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்துவிட்டன. காரணம் எனக்குத் தெரியும். முளைத்த உடனே பாலித்தீன் தாளை எடுத்திருக்க வேண்டும். நான் பல நாள் எடுக்காமல் விட்டிருந்தேன். உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிட்டது. அது மச்சான் வருவதற்கு முன்பே பிடித்தாகிவிட்டது.

மனைவி வந்து பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அந்தத் தடியன் கை பட்டுச்சுல்ல? சின்ன வயசுலயே அப்படித்தான். அவன் வச்ச வெத்தலக் கொடி, அவன் வளத்த கோழிக்குஞ்சு, எதுவும் தங்கல. கைராசி அப்படி," என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேச்சை மறித்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. இதைக் குற்றமென்று எடுத்துக்கொண்டால் உலகத்தில் உள்ள புருஷன்கள் எல்லோரையும் உள்ளே தள்ள வேண்டியிருக்கும்.

விஷயத்தை அக்காவே தம்பியிடம் போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவர் கடைக்கே வந்துவிட்டார். "அத்தான், மன்னிச்சிருங்க. ஆசையா வளத்தீங்க," என்றார்.

"பரவாயில்ல மச்சான், விடுங்க. மறுபடி போட்டா ஆச்சு," என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. நான் பெரிய மனிதன் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மறுபடி போட்டது கத்தரி. அது பொறுமையான செடி. மெதுவாக வரும், எனக்கும் அவசரம் இல்லை. கிடங்கில் மச்சானுக்கு முதுகுவலி வந்துவிட்டது என்று மனைவி சொன்னாள். தைலம் வாங்கிக் கொடுத்தேன், நல்ல தைலம். ஆனால் எவ்வளவு பொறுமையான செடியும் ஒரு நாள் வளர்ந்துவிடத்தான் செய்கிறது. கத்தரிக்கு நான்கைந்து நிஜ இலைகள் வந்துவிட்டன. தண்டு ஊதாவாகிக் கெட்டிப்பட்டுவிட்டது. மாடிக்குப் போகத் தயார். மனைவி அறை வாசலில் நின்று, திரைச்சீலை எந்த நிறத்தில் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரம் மச்சான் வந்திருந்தபோது ஒரு குவளைத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே ஊத்துங்க. உங்க கையால ஊத்துங்க. கைராசியாவது மண்ணாவது," என்றேன்.

அவர் மகிழ்ந்துபோனார். ஒவ்வொரு குழியாகக் குனிந்து, சிந்தாமல் ஊற்றினார். ஏதோ பாட்டுக்கூட முனகினார்.

அந்தக் குவளையில் கைப்பிடி கைப்பிடியாக உப்பைக் கரைத்திருந்தேன்.

இதைக் கேட்டு நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். நான் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக வளர்த்த நாற்றுகள் அவை. இலைகள் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வந்தபோது எனக்கும் சோறு இறங்கவில்லை. துக்கம் என்னுடையது, பழி மட்டும்தான் மச்சானுடையது. ஒருவிதத்தில் பார்த்தால் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

மூன்றாவது மிளகாய். அதை நீட்டிச் சொல்ல எனக்கு மனம் இல்லை. வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை எடுத்த எடுப்பில் வெளியே கொண்டுபோகக் கூடாது. முதல் நாள் நிழலில் சிறிது நேரம், அடுத்த நாள் இன்னும் சிறிது நேரம், அப்புறம் இளவெயில். இப்படி வெயிலைப் பழக்க வேண்டும். வெளியே அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. செய்யாமல் திடுமென்று அனுப்பிவிட்டால் எதுவும் தாங்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில், "மச்சான், இந்த நாத்துத் தட்டையெல்லாம் மாடில வச்சிட்டு வாங்க, எனக்கு முழங்கால் சரியில்ல," என்று அவரிடம்தான் சொன்னேன். சாயங்காலம் அவரே போய்ப் பார்த்தார். வெந்த கீரை மாதிரிக் கிடந்தன. படியில் அவர் இறங்கி வந்த சத்தம் லிஃப்ட்காரர் இறங்குகிற சத்தமாக இல்லை, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது.

"அத்தான், இனிமே உங்க செடிப் பக்கமே வர மாட்டேன்," என்றார்.

"சேச்சே, அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றேன். முழங்காலில் எனக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அறையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. டேப்பையும் கொண்டுவரவில்லை. கட்டில் வாங்க வைத்திருந்த திட்டத்தையும் விட்டுவிட்டார். நான் குடைமிளகாய் விதை போட்டேன். அது அருமையாக வந்தது. வீட்டில் நிம்மதி. இத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

ஆனால் மச்சான் கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அந்தக் கைகள் பைக்குள் முழுசாகப் போகாது. மணிக்கட்டு வரைக்கும் திணித்துக்கொண்டு நிற்பார். வேலை செய்யும் இடத்தில் யாரோ, "அண்ணே, நீங்க பட்டனத் தொடாதீங்க, லிஃப்ட் பட்டுப்போயிடும்," என்று கேலி செய்திருக்கிறார்கள். அவர் முழங்கையால் பட்டனை அமுக்கினார். அவரும் கேலிக்குத்தான் செய்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் பிறந்தநாளுக்குப் பூந்தொட்டி ஒன்று வாங்கினார். அதைத் தூக்கிவந்து உள்ளே வைக்கும்படி கடைக்காரரிடமே சொன்னார். நான் அதைக் கவனிக்காமல் இல்லை. பார்வை சம்பந்தப்பட்ட தொழிலில் இருப்பவன் நான். கவனித்தேன், அவ்வளவுதான்.

பிறகு மகள் வந்தாள், கைக்குழந்தையோடு. சில நாள் இருக்கப் போகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் நேராகத் தன் அறைக்குப் போனாள். கதவைத் திறந்து, தட்டுகளையும் விளக்குகளையும் மண் மூட்டையையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, நான் எங்க படுக்கறது?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. அந்த அறையைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறேன். இதை மட்டும் யோசிக்கவில்லை. மகளும் பேத்தியும் கூடத்தில் சோபாவில் படுத்தார்கள். குடைமிளகாய் விளக்கு வெளிச்சத்தில் சௌகரியமாக இருந்தது.

அடுத்த நாள் மச்சான் குழந்தையைப் பார்க்க வந்தார். பொம்மை, சட்டை, தொட்டிலுக்கு மேலே சுற்றும் கிலுகிலுப்பை என்று பை நிறைய வாங்கியிருந்தார். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். குழந்தையைத் தூரத்தில் நின்று பார்த்தார். மனைவி கேக் மாவில் முழங்கை வரைக்கும் இருந்தாள். மகள் குளிக்கப் போக வேண்டும்.

"மாமா, ஒரு நிமிஷம் புடிங்க," என்று குழந்தையை நீட்டினாள்.

அவர் பின்னால் நகர்ந்தார். இன்னும் பின்னால் போனார். சுவரில் முதுகு முட்டியதும் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வேணாம்மா."

"சும்மா புடிங்க மாமா, கடிக்க மாட்டா. பல்லே இல்ல."

"இல்லம்மா. என் கை சரியில்ல. வெளையாட்டுக்குச் சொல்லல. நான் தொட்டது எதுவும் தங்கறதில்ல. வேணும்னா உங்கப்பாவக் கேளு. மூணு தடவையும் கூட இருந்து பாத்தாரு. பெரிய மனுஷன், ஒரு வார்த்தை என்னச் சொன்னதில்ல. நீங்களே சொல்லுங்க அத்தான்."

சாட்சிக்கு என்னையே கூப்பிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தை மட்டும் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வழக்கமான குரலில் சொன்னேன்: "உப்பு."

"என்ன உப்பு?" என்றாள் மகள்.

"கத்தரிக்கு. அந்தக் குவளைல உப்பு கரைச்சிருந்தேன்."

மனைவிதான் முதலில் பேசினாள். "அதான் அந்த மாசம் உப்பு அவ்வளவு சீக்கிரம் தீந்துச்சா? நான் கடைக்காரனப் போயித் திட்டிட்டு வந்தேனே!"

மச்சான் சுவரை விட்டு நகரவில்லை. "மிளகா?" என்று கேட்டார்.

"வெயில். பழக்காம வச்சா கருகிடும். தெரிஞ்சுதான் உங்கள வைக்கச் சொன்னேன்."

"தக்காளி?"

"அது நான் இல்ல. அது பூஞ்சை." இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். "ஆனா பூஞ்சைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை வெளியே எடுத்தார். பழுது பார்க்கக் கொடுத்த பொருள் திரும்பி வந்தால் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், நான் போட்டிருப்பது உடையாத சட்டம் உள்ள கண்ணாடிதான். அவர் அடிக்கவில்லை.

"ரூம் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேனே, அத்தான்," என்றார்.

பிறகு அவர் மகளிடம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினார். குழந்தை அந்த ஒரு உள்ளங்கைக்குள் முக்கால்வாசி அடங்கிவிட்டது. இன்னொரு கையால், உள்ளங்கையால், லேசாக, அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியேதான். குழந்தை கொட்டாவி விட்டது. அவர் அழுதார். பெரிய உருவம் அழுதால் சட்டைக் காலர் வரைக்கும் நனைந்துவிடுகிறது.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?" என்று மகள் கேட்டாள்.

"குறட்டை," என்றேன்.

அவள் அறைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். நாற்றுகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நட்சத்திரமெல்லாம் அப்படியே இருக்கு?"

"எடுக்க ஏணி வேணும். வீட்டுல ஏணி இல்ல."

"அப்ப லைட்ட எப்படி மாட்டுனீங்க?"

தெளிப்பானில் தண்ணீர் தீர்ந்திருந்தது. நிரப்பிக்கொண்டு வரப் போனேன்.

குடைமிளகாய்த் தட்டுகளை அன்றே மச்சான் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். என்னைக் கிட்டே விடவில்லை. முதல் நாள் தண்ணீர்த் தொட்டி நிழல், அப்புறம் இளவெயில் என்று அவரே மாற்றி மாற்றி வைத்தார். ஒன்றுகூடச் சாகவில்லை. ஒவ்வொரு தடவை இறங்கி வரும்போதும், "உசுரோட இருக்கு," என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். என்னிடமும் பேசுகிறார். எப்படி அவரால் முடிகிறது என்று தெரியவில்லை. நானாக இருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

மகளும் பேத்தியும் அந்த அறையில் படுத்தார்கள். விளக்கை அணைத்ததும் கூரை மினுங்குவதைப் பார்த்துக் குழந்தை கையைக் காலை ஆட்டியதாம். மனைவி சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும் மினுங்குகிறது என்றால் நல்ல தரமான பொருள்தான்.

நாளை அவள் ஊருக்குக் கிளம்புகிறாள். நாளை மறுநாள் மச்சானின் கட்டில் வருகிறது. முழு மனதோடு சம்மதித்திருக்கிறேன். குறட்டைக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதும். இது எனக்கு முன்பே தோன்றாமல் போனது ஆச்சரியம்தான். செய்ததெல்லாம் தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். எதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். இனி அந்த அறையில் எனக்கு எந்த வேலையும் இல்லை.

ஒரே ஒரு முட்டை அட்டை மிச்சம் இருந்தது. தூக்கிப் போடக் கூடாது என்பது என் கருத்து என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். இன்று காலையில் அதில் பூசணி விதை போட்டு அந்த ஜன்னல் மூலையில் வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு இடைஞ்சலாக இருக்காது, அளந்துவிட்டேன். மனைவி அதைப் பார்த்தாள். நேராகச் சமையலறைக்குப் போய், உப்பு டப்பாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று கவலைப்படுகிறாள் போலிருக்கிறது.

நாளை அவர்களை வழியனுப்பிவிட்டு வரும்போது கடையிலிருந்து ஏணியைக் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன். கூரையில் ஒரு நட்சத்திரம் ஒரு முனை பிரிந்து தொங்குகிறது. அதை ஒட்ட வேண்டும். பரணுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.